சிவப்பு மறையாத ஆழம்

"கேமரா தண்ணியில விழுந்து போச்சுன்னா புரியுது. தண்ணியில போட்டாலும் போகாத கேமரா, தரையில வச்சு எப்படிக்கா காணாம போகும்?" என்றான் லாயிட்.

ருக்கு, எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணிடம் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தாள்.

சிவாஜிநகரில் ஒரு துணிக்கடையின் மாடியில் ருக்குவின் துப்பறியும் நிலையம் இருந்தது. கீழே சுடிதார் துணிக்குப் பேரம் நடக்கும் சத்தத்தில்தான் மேலே கொள்ளையும் மோசடியும் அலசப்படும். ருக்கு பல வருடம் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்யர்களைப் பிடித்தவள். அந்தப் பொய்களில் பாதி கம்பெனியே சொன்னது என்று தெரிந்த பிறகு வேலையை விட்டு வந்தாள். அவளுடைய உதவியாளன் லாயிட், பிரேசர் டவுன்காரன். முன்பு கல்யாண வீடியோ எடுத்தான். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையை விடப் பிரியாணி அண்டாவை அதிக நேரம் எடுத்துவிட்டதால் அந்தத் தொழில் அவனை விட்டுப் போனது.

வந்திருந்த பெண்ணின் பெயர் ஆஷா. நீலசந்திராவில் ஒரு கார்மென்ட்ஸில் தைக்கிறாள். கணவன் மதியழகன், பிரேசர் டவுன் நீச்சல் கிளப் ஒன்றில் லைஃப்கார்டு.

"அவரு எடுக்கலக்கா. லாக்கர் சாவி அவருகிட்ட இருந்துச்சு, அவ்ளோதான். போன ஞாயித்துக்கெழம கேமரா காணோம்னாங்கோ. அன்னிக்கே அவர வெளிய நிக்க வச்சுட்டாங்கோ."

"போலீஸ்ல சொல்லிட்டாங்களா?"

"இன்னும் இல்ல. இன்னிக்கு சாயங்காலம் போட்டோ கண்காட்சி. அது முடிஞ்சதும் ஸ்டேஷனுக்குப் போறேன்னு போட்டோக் கழகத் தலைவரு சொல்லியிருக்காரு." ஆஷா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "அவருக்கு அந்தமான்ல வேல கெடச்சிருக்குதுக்கா. கடலுக்குள்ள ஆளுங்கள கூட்டிட்டுப் போற வேல. போலீஸ்ல நல்ல பேரு சர்டிஃபிகேட் குடுத்தாத்தான் சேர்த்துப்பாங்க. கம்ப்ளெய்ன்ட் விழுந்துச்சுன்னா..."

அவள் முடிப்பதற்குள் ருக்கு எழுந்துவிட்டாள்.

"கெளம்பு லாயிட்," என்றாள் ருக்கு.

"அக்கா, உங்களுக்குத்தான் நீச்சல் தெரியாதே."

"திருடனைப் பிடிக்கப் போறேன்டா. மீனை இல்ல."

*

பெங்களூருக்குக் கடல் கிடையாது. ஏரிகள் உண்டு, அவற்றில் இறங்கினால் படம் வராது, சொறி வரும். ஆனாலும் இந்த ஊரில் 'கார்டன் சிட்டி கடலடிப் புகைப்படக் கழகம்' என்று ஒன்று இருந்தது. உறுப்பினர்கள் எல்லோரும் கம்ப்யூட்டர் கம்பெனி ஆட்கள். வருடத்துக்கு ஒரு முறை மாலத்தீவுக்கோ லட்சத்தீவுக்கோ போய் மீன்களைப் படம் எடுப்பார்கள். மற்ற வார இறுதிகளில் பிரேசர் டவுன் நீச்சல் குளத்தில் பயிற்சி. குளத்தின் அடியில் பிளாஸ்டிக் மீன்களும், ஒரு ரப்பர் ஆமையும், பெரிய ஆரஞ்சு நிற ஆக்டோபஸ் பொம்மையும் கயிற்றில் கட்டி விடப்பட்டிருந்தன.

ருக்குவும் லாயிட்டும் போனபோது கழகத் தலைவர் ஸ்ரீகண்டன் குளக்கரையில் புதிய உறுப்பினர்களுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற மென்பொருள் மேலாளர். காலில் நீச்சல் துடுப்பு, கையில் காரமும் கறிவேப்பிலையும் போட்ட காங்கிரஸ் கடலைப் பொட்டலம். ஒவ்வொரு விதிக்கும் நாலு கடலை வாய்க்குள் போனது.

"மீன் தெரியுதா? கிட்ட போங்க. நல்லா தெரியுதா? இன்னும் கிட்ட போங்க. நடுவுல தண்ணி எவ்வளவு இருக்கோ அவ்வளவு படம் மங்கும். மேலேருந்து கீழ எடுக்காதீங்க, அது போட்டோ இல்ல, சிசிடிவி. கீழ போய் மேல பாருங்க. கேமராவை வாட்டர்ப்ரூஃப் கூட்டுல வச்சு மூடறதுக்கு முன்னாடி ரப்பர் வளையத்தைத் துடைங்க. ஒரு தலைமுடி அங்க இருந்தா போதும், கேமரா காலி."

வகுப்பே அவரை வாய் பிளந்து பார்த்தது.

"ரொம்ப முக்கியம், நிறம். கடல் முதல்ல சிவப்பைத்தான் தின்னும். அஞ்சாறு மீட்டர் இறங்கினாலே சிவப்பு செத்துடும். முப்பது மீட்டர்ல விரல் வெட்டுப்பட்டா ரத்தமே பச்சையாத்தான் தெரியும்!"

"ரத்தம் பச்சையாத் தெரியற இடத்துக்குக் காசு குடுத்துப் போறாங்களாக்கா?" என்று லாயிட் முணுமுணுத்தான்.

வகுப்பு முடிந்ததும் ருக்கு தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டாள். ஸ்ரீகண்டன் முகத்தில் ஒரு சோகம் வந்து உட்கார்ந்தது. நிறையப் பேரிடம் காட்டிப் பழகிய சோகம்.

"நோடி மேடம், இங்க பாருங்க, மதி மேல எனக்குக் கோபமே இல்ல. வறுமை மனுஷனை என்ன வேணா செய்ய வைக்கும். ஆனா என் கேமராவுல இருந்த கார்டு போச்சே! என்னோட மாலத்தீவு படம், 'ஏகாந்தம்', ஆசியப் போட்டியில கடைசிச் சுற்றுக்கு வந்திருக்கு. இயற்கை ஒளிப் பிரிவு. ஃப்ளாஷ் கூடாது, நிறம் மாத்தக் கூடாது. முப்பது மீட்டர் ஆழம். வெறும் சூரிய வெளிச்சம். ஒரு தீவு மீனவன் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு மேல போறான்..."

"அந்தப் படத்துக்கும் கார்டுக்கும் என்ன சம்பந்தம் சார்?"

"நடுவர்கள் ஒரிஜினல் ஃபைலைக் கேக்கறாங்க. நான் அனுப்பினது சின்ன காப்பிதான். ஒரிஜினல் அந்தக் கார்டுலதான் இருந்தது."

"எப்பக் கேட்டாங்க?"

"போன ஞாயிறு காலையில மெயில் வந்தது. மத்தியானம் கேமரா இல்ல! விதியைப் பாருங்க. திருட்டுன்னு போலீஸ் கம்ப்ளெய்ன்ட் காப்பி குடுத்தா விலக்கு தர்றதா சொல்லியிருக்காங்க. அதான் இன்னிக்கே குடுக்கணும்."

"அன்னிக்கு எல்லார் பையையும் சோதிச்சீங்களா?"

"நானே சோதிக்கச் சொன்னேன். என் பையைத்தான் முதல்ல காட்டினேன்." ஸ்ரீகண்டன் நெஞ்சில் கை வைத்தார். "அதுக்கப்புறம் குளத்துக்குப் பூட்டு போடச் சொன்னேன். வாட்ச்மேன் வச்சேன். செக்ரட்டரி இல்லாம யாரும், நான் உட்பட, உள்ள இறங்கக் கூடாதுன்னு ரூல் போட்டேன்."

அவர் போன பிறகு லாயிட் சொன்னான்: "எவ்ளோ நேர்மையான ஆளு! எனக்குப் பயமா இருக்குக்கா."

*

கழகத்தின் செக்ரட்டரி தர்ஷினி குளத்தருகே மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தாள். இருபத்தைந்து வயசு இருக்கும். மாலத்தீவு போக லீவு கிடைக்காததால் இந்தக் குளத்தையே வாராவாரம் படம் எடுப்பவள்.

"சார் என் படங்களைப் பார்க்கவே மாட்டார்," என்று சிரித்தாள். "குளத்துல எடுக்கிறதெல்லாம் போட்டோவே இல்லம்பார். பாத்ரூம் படம்பார்."

"எனக்குக் காட்டு," என்றாள் ருக்கு.

தர்ஷினி ஒவ்வொன்றாகத் தள்ளினாள். பிளாஸ்டிக் மீன், பிளாஸ்டிக் மீனுக்குப் பின்னால் ஒரு மேலாளரின் தொப்பை, ஆமை, ஆக்டோபஸ். லாயிட்டுக்குக் கொட்டாவி வந்தது. ருக்கு மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ஆக்டோபஸை மறுபடி காட்டு. இது என்னிக்கு எடுத்தது?"

"போன மாசம்."

"அந்தரத்துல மிதக்குது."

"ஆமா மேடம். தலைக்குள்ள தெர்மகோல் இருக்கு. வயித்துல ஒரு ஜிப் பை மாதிரி, அது காலியா இருக்கும். கயித்துல கட்டலைன்னா மேல வந்துடும்."

"இது?"

"நேத்து எடுத்தது."

லாயிட் கொட்டாவியைப் பாதியில் நிறுத்தினான். நேற்றைய படத்தில் ஆக்டோபஸ் மிதக்கவில்லை. கல்யாணச் சாப்பாடு முடித்த மாமனாரைப் போலத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தது. அதைக் கட்டிய கயிறு தொய்ந்து கிடந்தது.

தர்ஷினியின் கண்கள் விரிந்தன. "மேடம்... போன ஞாயிறு கடைசியா தண்ணியை விட்டு வந்தது ஸ்ரீகண்டன் சார்தான். பொம்மைக் கயிறு அவுந்திருக்கு, கட்டிட்டு வரேன்னார். வந்த அப்புறம்தான் கேமரா காணோம்னு கத்தினார்."

"அக்கா, இப்பவே எடுத்துடலாம்! நான் குதிக்கறேன்," என்று சட்டைப் பித்தானில் கை வைத்தான் லாயிட்.

"குதிச்சு எடுத்து? கேமரா கெடச்சதும் என்ன சொல்வார் அவர்? 'பார்த்தீங்களா, லைஃப்கார்டு எங்க ஒளிச்சு வச்சிருக்கான்'னு சொல்வார். தண்ணிக்கடியில ஒளிக்கறது யாருக்கு சுலபம்? மதிக்குத்தானே?"

லாயிட்டின் கை இறங்கியது.

"எங்க இருக்குன்னு தெரிஞ்சு போச்சு. எதுக்குன்னு தெரியணும். தன்னோட கேமராவைத் தானே ஒளிச்சு வைக்கற ஆளு கேமராவை மறைக்கல. உள்ள இருக்கற எதையோ மறைக்கறார்." ருக்கு எழுந்தாள். "தர்ஷினி, சாயங்காலம் நீச்சல் டிரெஸ்ஸோட தயாரா இரும்மா. யார்கிட்டயும் சொல்லாதே. லாயிட், நீ போய் ஆஷாவையும் மதியையும் கூட்டிட்டு வா."

*

கண்காட்சி குளத்தை ஒட்டிய ஹாலில் நடந்தது. சமோசாவும் ஃபில்டர் காபியும் இருந்ததால் கலை ரசிகர்கள் நிறைய வந்திருந்தார்கள். மதியழகனை வாட்ச்மேன் கேட்டிலேயே நிறுத்திவிட்டான். ஆஷாவை ருக்கு தன் தங்கை என்று சொல்லி உள்ளே அழைத்துப் போனாள்.

நடுச்சுவரில் கதவளவு பெரிய சட்டத்தில் 'ஏகாந்தம்' தொங்கியது.

படம் அருமையாகத்தான் இருந்தது. அதை ருக்குவும் மனதுக்குள் ஒப்புக்கொண்டாள். கீழேயிருந்து மேல் நோக்கி எடுத்த படம். நீலத்தில் சூரியன் உடைந்து சிதற, ஒரு மனிதன் அண்ணாந்தபடி மேலே போய்க்கொண்டிருந்தான். முகம் தெரியவில்லை. கழுத்திலிருந்து ஒரு சிவப்பு நாடா பாம்பு போல நெளிந்து மிதந்தது. படத்தின் கீழே ஒரு அட்டை: 'மாலத்தீவு. ஆழம் முப்பது மீட்டர். இயற்கை ஒளி.'

ஒரு தாடிக்காரர் பக்கத்தில் நின்றவரிடம் விளக்கிக்கொண்டிருந்தார்: "அந்தச் சிவப்பு நாடாதான் படமே. வாழ்வுக்கும் மரணத்துக்கும் நடுவுல இருக்கிற தொப்புள்கொடி."

"தொப்புள்கொடி கழுத்துலேருந்தா வரும்?" என்று கேட்டான் லாயிட். தாடிக்காரர் அவனைக் கலை தெரியாதவனைப் பார்ப்பது போலப் பார்த்தார். சரியாகத்தான் பார்த்தார்.

ஸ்ரீகண்டன் பட்டு ஜிப்பாவில் வந்து சேர்ந்தார். சட்டைப்பையில் புகார்க் கடிதம் நீட்டிக்கொண்டிருந்தது.

"எப்படி மேடம் படம்?"

"பிரமாதம் சார். ஒரு சந்தேகம். அந்த நாடா என்ன நிறம்?"

"சிவப்பு."

"முப்பது மீட்டர்லயா?"

ஸ்ரீகண்டன் சிரித்தார். அந்தச் சிரிப்பு நடுவில் எங்கோ தடுக்கி விழுந்தது. "மாலத்தீவுல தண்ணி ரொம்பத் தெளிவு மேடம். உங்களுக்கு டெக்னிக்கலா சொன்னா..."

"காலையில நீங்கதான் டெக்னிக்கலா சொன்னீங்க. ரத்தமே பச்சையாத் தெரியும்னீங்க. ஃப்ளாஷ் கிடையாது, நிறம் மாத்தலை. அப்புறம் இந்த நாடாவை மட்டும் கடல் ஏன் தின்னல? டயட்டுல இருந்துச்சா?"

சமோசா கடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். காலையில் வகுப்புக்கு வந்திருந்த புதிய உறுப்பினர் ஒருவர் தன் குறிப்பைப் புரட்டிப் பார்த்து, "ஆமா சார், அஞ்சாறு மீட்டர்னு சொன்னீங்க," என்றார் உதவியாக.

"இதெல்லாம் கலை!" என்றார் ஸ்ரீகண்டன். குரல் ஏறியது. "யாரோ ஒரு மீனவன், எங்கேயோ ஒரு கடல்..."

"எங்க வூட்டுக்காரரு," என்றாள் ஆஷா.

ஹால் முழுக்க அவளைப் பார்த்தது. அவள் யாரையும் பார்க்கவில்லை. படத்தின் அடிப்பகுதியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழேயிருந்து எடுத்த படம் என்பதால் அந்த மனிதனின் பாதங்கள்தான் கேமராவுக்கு மிக அருகில், மிகப் பெரிதாகத் தெரிந்தன.

"இது அவரு காலுக்கா. ரெண்டாவது வெரலு கட்டவெரலு மேல ஏறி நிக்குது பாருங்க. செருப்பு வாங்கப் போனா இதால எவ்ளோ பேஜாரு தெரியுமா? அந்தச் செவப்பு நாடா அவரு விசில் நாடா. போன வருசம் நான் தச்சுக் குடுத்தது. ஓரத்துல மஞ்ச நூலு தெரியுது பாருங்க, செவப்பு நூலு தீந்து போச்சுன்னு அதுல முடிச்சேன்."

லாயிட் மூக்கைச் சட்டத்தில் ஒட்டிப் பார்த்தான். "மஞ்சள் நூல் இருக்குக்கா. தொப்புள்கொடிக்கு டபுள் தையல்."

தாடிக்காரர் மெதுவாகக் காபிப் பக்கம் நகர்ந்தார்.

ருக்கு படத்தின் அருகே போய்க் குனிந்து பார்த்தாள். படம் மாலத்தீவில் எடுத்ததில்லை என்பது வரை அவள் கணக்குப் போட்டிருந்தாள். திருடன் என்று வாசலில் நிறுத்தி வைத்தவனைத்தான் உள்ளே சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள் என்பது அவளும் எதிர்பாராதது.

"சார், மதியை எப்பத் தண்ணிக்குள்ள இறக்கி எடுத்தீங்க?"

"இது... இது அவதூறு! ஒரு கால் விரலை வச்சு..."

"விரல் வேண்டாம். ஒரிஜினலையே பார்த்துடலாம். தர்ஷினி!"

தர்ஷினி நீச்சல் உடையில் குளக்கரையில் தயாராக நின்றாள். ருக்கு எல்லோரையும் கண்ணாடிக் கதவு வழியாக வெளியே வரச் சொன்னாள். ஸ்ரீகண்டன் வழியை மறித்தார்.

"குளத்துல யாரும் இறங்கக் கூடாது. ரூல் இருக்கு!"

"செக்ரட்டரி இல்லாமத்தான் சார் இறங்கக் கூடாது," என்றாள் தர்ஷினி. "நான்தானே செக்ரட்டரி."

அவள் குதித்தாள். லாயிட் செல்போனில் வீடியோ எடுத்தான். இந்த முறை கேமராவை வேறு எதன் பக்கமும் திருப்பவில்லை. சற்று நேரத்தில் ஆரஞ்சு ஆக்டோபஸைக் கயிற்றிலிருந்து அவிழ்த்து இழுத்துக்கொண்டு தர்ஷினி மேலே வந்தாள். கரையில் வைத்து எல்லோர் கண்ணெதிரே வயிற்று ஜிப்பைத் திறந்தாள். உள்ளே கறுப்புக் கூட்டுக்குள் ஸ்ரீகண்டனின் கேமரா இருந்தது. கூட்டுக்குள் பாதி வரை தண்ணீர்.

"ஐயோ!" என்று கத்தினார் ஸ்ரீகண்டன். அன்று அவர் சொன்னதில் அந்த ஒன்றுதான் முழு உண்மை.

தர்ஷினி கூட்டைத் திறந்து ரப்பர் வளையத்தை விரலால் தடவினாள். அதில் ஒட்டியிருந்ததை எடுத்து வெளிச்சத்தில் காட்டினாள். காங்கிரஸ் கடலையில் போடும் கறிவேப்பிலைத் துணுக்கு.

"ஒரு தலைமுடி போதும்னார்," என்றான் லாயிட். "இவர் தாளிச்சே போட்டிருக்கார்."

"மெயில் வந்தது காலையில," என்றாள் ருக்கு, கூட்டத்தைப் பார்த்து. "ஒரிஜினலைக் காட்டினா குளம்னு தெரிஞ்சுடும். அவசரத்துல யோசிச்சார். கேமரா திருட்டுப் போகணும், ஆனா வெளிய கொண்டு போக முடியாது. அதனால லாக்கர்ல வைக்காம தண்ணிக்கடியில வச்சுட்டு, முதல் ஆளா தன் பையைக் காட்டினார். அப்புறம் எடுத்துக்கலாம்னு நெனச்சார். தான் போட்ட பூட்டே தன்னை உள்ள விடாதுன்னு அவருக்குத் தோணல."

கேமரா செத்திருந்தது. கார்டு சாகவில்லை. தர்ஷினி அதைத் துடைத்து, ஊதி, லேப்டாப்பில் செருகி ஹாலின் திரையில் போட்டாள். 'ஏகாந்தம்' முழுசாகத் தெரிந்தது. ஓரம் வெட்டாத ஒரிஜினலில் நீல டைல்ஸ் வரிசையும், 'இங்கே எச்சில் துப்பாதீர்' என்ற கன்னடப் பலகையின் கலங்கிய பிம்பமும், ஆக்டோபஸின் இரண்டு கைகளும் இருந்தன. அடுத்த படத்தில் மதியழகன் கேமராவைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திச் சிரித்துக்கொண்டிருந்தான்.

யாரும் சிரிக்கவில்லை. தர்ஷினி தானே போய் கேட்டைத் திறந்து மதியழகனை உள்ளே அழைத்து வந்தாள்.

முப்பது வயசு இருக்கும் அவனுக்கு. அகலமான தோள், தயங்கித் தயங்கி வைக்கும் கால். ஹாலுக்குள் அவன் வந்தது அதுவே முதல் தடவை. சுவரில் இருந்த தன்னை நெடுநேரம் பார்த்தான்.

"லைட் டெஸ்ட் பண்ணணும், நாலஞ்சு தடவ மேல போய் வாடான்னாரு. நானும் போய்ட்டு வந்தேன்," என்றான். பிறகு ஸ்ரீகண்டனிடம் திரும்பினான். அடிப்பான் என்று லாயிட் நினைத்தான். இரண்டடி ஒதுங்கி இடமும் விட்டான். ஆனால் மதியழகனின் குரல் உயரவே இல்லை.

"போட்டோ சக்கத்தா, ரொம்ப நல்லா இருக்குது சார். நெஜமாவே. குளம்னே சொல்லியிருக்கலாமே சார். இதுக்கு ஏன் சார் என்னைத் திருடனாக்கினீங்க?"

ஸ்ரீகண்டனின் முகம் மெல்லக் கலங்கியது. சட்டைப்பையிலிருந்து புகார்க் கடிதத்தை எடுத்துக் கிழித்தார். போட்டியிலிருந்து விலகுவதாக, எல்லோரும் பார்க்க, போனிலேயே மெயில் எழுதி அனுப்பினார். கிளப் மேனேஜரை அழைத்து மதியை அன்றே வேலையில் சேர்க்கச் சொன்னார்.

"அது ஒரு மாசத்துக்குத்தான் சார்," என்றான் மதியழகன். "அப்புறம் அந்தமான் போறேன்."

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு சார்," என்றாள் ருக்கு. ஒரு வெள்ளை அட்டையையும் பேனாவையும் நீட்டினாள்.

ஸ்ரீகண்டன் வாங்கிக்கொண்டார். எழுத அவருக்கு ரொம்ப நேரம் பிடித்தது. பழைய அட்டையைப் பிய்த்துவிட்டுப் புதியதைத் தன் கையாலேயே ஒட்டினார்.

'மதியழகன். பிரேசர் டவுன். ஆழம் எட்டு அடி.'

அதுவரை சமோசாப் பக்கம் இருந்தவர்கள் கூட இப்போது படத்தைச் சுற்றிக் குவிந்தார்கள். தாடிக்காரரும் வந்து சேர்ந்தார், வாயைத் திறக்காமல். ஆஷா கணவனைக் கையைப் பிடித்து இழுத்துப் போய்ப் படத்தின் பக்கத்தில் நிறுத்தினாள். சட்டைக் காலரைச் சரி செய்தாள். இரண்டடி பின்னால் வந்து செல்போனைத் தூக்கிப் பிடித்தவள், முகம் சுளித்தாள். ஸ்ரீகண்டன் இன்னும் அட்டையருகிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"கொஞ்சம் தள்ளுங்க சார்," என்றாள் ஆஷா. "மறைக்கிறீங்கோ."

ஸ்ரீகண்டன் தள்ளி நின்றார்.